கோப்பைப் பார்த்தது போதும், கொப்பியைப் பாருங்கள்: ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் கற்பித்தல் மதிப்பீடு

கொழும்பு வடக்கில், தரம் 6 முதல் 11 வரை தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் ஒரு கத்தோலிக்க இடைநிலைப் பாடசாலை தன் கற்றல் கற்பித்தலை வருடாவருடம் தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. அந்த மதிப்பீட்டு முறையைப் பற்றியது இந்த விமர்சனம். பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே போன்ற படிவங்களை நிரப்பும் ஆசிரியர்கள் வாசிக்கும்போதே விடயத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

முறையில் நான்கு கருவிகள் உள்ளன: வகுப்பறை அவதானிப்புப் படிவம், தவணைப் பரீட்சைப் புள்ளிப் பகுப்பாய்வு, மாணவர் கருத்துத் தாள், பெற்றோர் கூட்டம். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு உண்மையானது. பகுதித் தலைவர்கள் தங்கள் ஓய்வுப் பாடவேளைகளைக் கொடுத்துத்தான் இதைச் செய்கிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதியாயிற்றா, பதிவேட்டில் கையொப்பம் உண்டா, பாடத்திட்டம் எத்தனை வீதம் முடிந்தது என்று ஆசிரியரின் கோப்பை இந்த முறை நன்றாகவே பார்க்கிறது. பிள்ளையின் கொப்பியைத் திறப்பதில்லை.

முதலில் அவதானிப்பு. பாடவேளை 40 நிமிடம். அவதானிக்கப் போகும் நாள் ஒரு வாரத்துக்கு முன்பே ஆசிரியருக்குத் தெரியும். எனவே அன்றைக்கு வண்ண அட்டைகளும் குழுச் செயற்பாடும் தயாராக இருக்கும். அவதானிப்பவர் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு, ‘குரல் தெளிவு’, ‘கரும்பலகைப் பயன்பாடு’, ‘வகுப்பறை முகாமை’ என்று சரி அடையாளம் இடுகிறார். இப்படிப் பார்த்தால் ஆசிரியரின் நடை தெரியும். பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது தெரியாது.

மாற்றுவது கடினமல்ல. கதிரையை முன்பக்க மூலைக்குக் கொண்டுவந்து முகங்களைப் பார்க்கும்படி உட்காருங்கள். போன தவணைப் புள்ளிகளின்படி மேலே ஒருவர், நடுவில் ஒருவர், கீழே ஒருவர் என்று மூன்று பிள்ளைகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் அந்த மூவரும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சொல்லில் குறியுங்கள்: எழுதுகிறார், பார்த்து எழுதுகிறார், காத்திருக்கிறார், யோசிக்கிறார். 40 நிமிடத்தில் 24 குறிப்புகள் சேரும். ‘பார்த்து எழுதுகிறார்’ பாதிக்கு மேல் வந்தால், அந்தப் பாடவேளையில் நடந்தது பெரும்பாலும் பலகையிலுள்ளதைக் கொப்பியில் இறக்கும் வேலைதான். கூடவே ஆசன வரைபடம் ஒன்றில், கேள்வி போன ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு இடுங்கள். முன்வரிசையிலும் நடைபாதையின் இரு கரையிலும் கோடுகள் குவிவதைப் பார்த்தால் ஆசிரியரே வியப்படைவார். பெரும்பாலும் அவருக்கு அது தெரிந்தே இருக்காது.

படிவத்தில் சேர்க்கவேண்டிய இன்னொன்று காத்திருப்பு நேரம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். அதை 3 செக்கனாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதில் சொல்லாதவர்களும் வாய் திறந்தார்கள். நம் வகுப்புகளில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. “விளங்கிச்சா?” என்றதும் “ஓம் மிஸ்!” என்று 40 குரல் ஒன்றாக எழும். அந்த ‘ஓம்’ எதையும் நிரூபிப்பதில்லை. விளங்காத பிள்ளைதான் சில வேளை உரக்கச் சொல்லும். அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வெள்ளைத் தாளை வைத்துக் கொடுத்து, வெண்பலகைப் பேனையால் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மலிவான கருவி. வகுப்பில் எத்தனை பேருக்குப் பிழைத்தது என்று 10 செக்கனில் தெரிந்துவிடும்.

அவதானித்த பின் ஆசிரியரோடு பேசுவது இரண்டு நாளுக்குள் நடக்கவேண்டும். 15 நிமிடம் போதும். ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் காதுபடப் பேசவேண்டாம். ஒரே ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது குறையை அடுக்கினால் ஒன்றும் மாறாது. தவணை முடிவில் கோப்பில் போய்ச் சேரும் படிவத்தால் யாருக்கும் பயனில்லை.

இனிக் கொப்பி. வகுப்புக்கு மூன்று கொப்பிகளை எடுத்து, கடைசி மூன்று வாரப் பக்கங்களைப் புரட்டினாலே நிறையத் தெரியும். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தால் அது பலகையிலிருந்து வந்தது. சிவப்புச் சரியும் திகதியும் மட்டும் இருந்து, பிழைத்த கணக்கைப் பிள்ளை திரும்பச் செய்த தடயம் இல்லையென்றால், திருத்தல் கற்றலாக மாறவில்லை. இதற்கு ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கொப்பிக்கு 2 நிமிடம், வகுப்பில் 40 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், 400 நிமிடம், ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். அதை ஒவ்வொரு வாரமும் செய் என்று படிவம் கேட்கிறது. மனிதரால் ஆகாததைக் கேட்டால் கையொப்பம்தான் கிடைக்கும்.

இதற்கு நாம் பரிந்துரைப்பது வெளியேறும் துண்டு. பாடம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி; விடையைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை வெளியேறும். ஏ4 தாளை நான்காக வெட்டினால் 40 பிள்ளைகளுக்கு 10 தாள் போதும். ஆசிரியர் புள்ளி இடவேண்டாம். சரி, பாதி, பிழை என்று மூன்று குவியலாகப் பிரித்தால் போதும். 10 நிமிட வேலை. உதாரணமாகத் தரம் 8 கணிதத்தில் 5 − (x − 3) ஐச் சுருக்கச் சொல்லுங்கள். 8 − x என்று வந்தால் சரி. 2 − x என்று எழுதியவர்கள் அடைப்புக்குறிக்கு முன்னாலுள்ள கழித்தல் குறியை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் குவியல் பெரிதானால் அடுத்த நாள் புதுப் பாடம் தொடங்கக்கூடாது. கேள்வியை இப்படித் தெரிவு செய்வதில்தான் திறமை இருக்கிறது: பிழையான விடையே பிழையின் காரணத்தைச் சொல்லவேண்டும்.

தவணைப் பரீட்சைப் பகுப்பாய்வு இந்த முறையின் மிகப் பலவீனமான பகுதி. வகுப்புச் சராசரி, அதிகூடிய புள்ளி, அதிகுறைந்த புள்ளி, 75க்கு மேல் எத்தனை பேர். அவ்வளவுதான் அறிக்கையில் வருகிறது. எந்த வினாவில் விழுந்தார்கள் என்பது வருவதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கணினிகூட வேண்டாம். 40 விடைத்தாளைப் புள்ளி ஒழுங்கில் அடுக்கி, மேலிருந்து 11, கீழிருந்து 11 எடுங்கள் (27 வீதம் என்பது வழக்கமான அளவு). ஒரு வினாவை மேல் குழுவில் 9 பேரும் கீழ்க் குழுவில் 3 பேரும் சரியாகச் செய்திருந்தால் (9 − 3) ÷ 11 = 0.55, நல்ல வினா, கெட்டிக்காரரையும் தடுமாறுபவரையும் பிரித்துக் காட்டுகிறது. மேலே 4, கீழே 6 என்றால் −0.18. மறைப்பெறுமானம் வந்தால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் வினாவைத் திரும்ப வாசியுங்கள். புள்ளித்திட்டத்தில் விடை பிழைத்திருக்கலாம், அல்லது வினாவின் தமிழ் குழம்பியிருக்கலாம். சிங்களத்தில் தயாரித்து மொழிபெயர்த்த வினாத்தாள்களில் ‘அல்லாதது எது’ என்பது நீண்ட வாக்கியத்தின் நடுவில் புதைந்து போகும். அந்தச் சொல்லுக்குக் கீழே கோடிட்டாலே பிள்ளைகள் தப்புவார்கள்.

தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில், விஞ்ஞானத்தின் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கண்ணை மூடிக் கோடிட்டாலும் சராசரியாக 10 சரி வரும். எனவே 11, 12 சரி எடுத்த பிள்ளையை ‘கொஞ்சம் தெரியும்’ என்று எண்ணிவிடாதீர்கள். கட்டமைப்பு வினாக்களிலும் கட்டுரை வினாக்களிலும் வெறுமையாக விட்டதையும் பிழையாக எழுதியதையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டுக்கும் சுழியம் என்று போட்டால் தகவல் அழிந்துபோகும். வெறுமை என்றால் நேரமோ துணிவோ போதவில்லை, அல்லது அந்த அலகு வகுப்பில் நடக்கவேயில்லை. பிழை என்றால் தவறான விளக்கம் ஒன்று உள்ளே குடியிருக்கிறது. மருந்து வெவ்வேறு.

தமிழ்ப் பிரிவுக்கே உரிய ஒரு சிக்கலைப் படிவம் தொடவேயில்லை. பிள்ளைகள் வீட்டில் யூடியூப்பில் பார்க்கும் விஞ்ஞான விளக்கங்களில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே ‘வேகம்’ எனப்படுவது நம் பாடநூலின் ‘கதி’, திசை சேராதது. திசையும் சேர்ந்த நம் ‘வேகம்’ அங்கே ‘திசைவேகம்’. ‘ஆர்முடுகல்’ அங்கே ‘முடுக்கம்’, ‘அமுக்கம்’ அங்கே ‘அழுத்தம்’. சொல் வேறு, பொருள் ஒன்று என்றால் பிள்ளை சமாளிக்கும். ‘வேகம்’ மாதிரி ஒரே சொல் இரு பொருளில் வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும். வேகத்தைக் கேட்ட வினாவுக்குத் திசையை விட்டுவிட்டு எழுதிப் புள்ளி இழக்கும். ஆசிரியர் அதைக் கவனயீனம் என்று எண்ணுவார். அலகு தொடங்கும் நாளில் இரு நாட்டுச் சொற்களையும் இரு நிரலாக எழுதி வகுப்பில் ஒட்டுங்கள்.

கத்தோலிக்க அடையாளம் என்ற தலைப்பில் படிவம் கேட்பது காலைச் செபம், திருப்பலி, திருவிழா, சுரூபத்துக்கு முன் ஒழுங்கு. இவை வேண்டியவைதான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பாடசாலைகள் யாரைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது: பொருளில் வறியவர்கள், குடும்பத்தின் அரவணைப்பும் உதவியும் இல்லாதவர்கள், விசுவாசத்தைப் பெறாதவர்கள். அதை அப்படியே அளவுகோலாக்கலாம். சமய பாடவேளையில் சைவப் பிள்ளைகளுக்குச் சைவநெறி ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது நூலகத்தில் உட்கார வைக்கப்படுகிறார்களா? சாதாரண தரத்தில் அவர்களுக்கும் சமயம் கட்டாயப் பாடம். பின்தங்கிய பிரிவுக்கு நேரசூசியில் யார் போடப்பட்டிருக்கிறார்? புதிதாக வந்தவரா, அனுபவசாலியா? வீட்டில் மேசையே இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை விட்ட பின் ஒரு மணித்தியாலம் திறந்திருக்கும் வகுப்பறை உண்டா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் மதிப்பீடுதான் அந்த அறிக்கைக்கு அருகில் நிற்கும்.

மாணவர் கருத்துத் தாளில் ‘ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறாரா?’ என்ற கேள்வி வீண். வகுப்பாசிரியரே தாளைக் கொடுத்து வாங்கும்போது, தன் கையெழுத்து அவருக்குத் தெரியும் என்று அறிந்த பிள்ளை வேறு என்ன எழுதும்? வேறு பிரிவின் ஆசிரியர் வந்து சேர்க்கட்டும். ‘போன வாரம் உனக்கு விளங்காமல் போனது எது? யாரிடம் கேட்டாய்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘டியூஷன் சேரிடம்’ என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தால் பாடசாலை அதைத் தீவிரமாக எடுக்கவேண்டும். பெற்றோர் கூட்டம் வேலை நாள் காலையில் வைக்கப்படுகிறது. புறக்கோட்டைக் கடைகளில் நாட்சம்பளத்துக்கு நிற்பவர்கள் வரமுடியாது. சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

மொத்தத்தில், இந்த முறையைத் தூக்கி எறியத் தேவையில்லை. அவதானிப்புப் படிவத்தைப் பாதியாகக் குறைத்து, மூன்று பிள்ளைக் குறிப்பையும் ஆசன வரைபடத்தையும் சேர்த்தால் அது பயன்படும். புள்ளிப் பகுப்பாய்வைப் புதிதாக எழுதவேண்டும். எல்லா வகுப்பிலும் ஒரே தவணையில் தொடங்கினால் களைத்து விட்டுவிடுவார்கள். ஒரு பாடம், ஒரு தரம் என்று தொடங்கலாம். தரம் 8 கணிதம் நல்ல இடம், சாதாரண தரத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. முதல் துண்டு கொடுத்து, பிழையைத் திருப்பிப் படிப்பித்து, இரண்டு வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் 11 − (y − 4) ஐக் கொடுங்கள். அதே பிழையோடு 7 − y என்று எழுதியவர்களின் குவியலை எண்ணி, முதல் நாள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.