சாம்பல் பிரைமர் அடித்த பழைய சாகா கதவு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

பட்டர்வொர்த், பிறை, சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் பழைய புரோட்டோன் சாகா காருக்குக் கதவு, ஃபெண்டர் (சக்கரத்தின் மேல் வரும் தகடு) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் பிறை பக்கம் ஒரு பொத்தோங் கடையில் (பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடை) 1,100 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி அப்பாவுடையது, 1988 சாகா. 1985-ல் பினாங்குப் பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் சாகாவில் பாலத்தைக் கடந்ததை அப்பா இன்றும் சொல்வார். வாங்கினால் இந்த வண்டிதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். துறைமுகத்தில் வேலை, கடலோரம் வீடு. உப்புக் காற்று வண்டியை விட்டுவைக்கவில்லை. இன்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது. முன் ஃபெண்டர் இரண்டும் இடப்பக்கக் கதவு இரண்டும்தான் போய்விட்டன.

கடையில் இரண்டு செட் இருந்தது. ஒன்று பெயிண்ட் உரிந்து, அங்கங்கே செம்பழுப்பாகத் துரு தெரிந்தது. ஒரு தகடு 150 வெள்ளி. இன்னொன்று தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்து, பார்க்கவே சுத்தமாக இருந்தது. ஒரு தகடு 275. அன்று நல்ல மழை, ஜிங்க் கூரைக்கடியில் வெளிச்சமும் போதவில்லை. "தம்பி, இதுல மேல் துருதான் இருந்துச்சு, எல்லாத்தையும் தேச்சுட்டோம். அப்படியே பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். துருவைப் பார்த்துப் பயந்து, கூடுதல் காசு கொடுத்து பிரைமர் அடித்த செட்டை எடுத்தேன். லாரிக்குத் தனியாக 150.

தகடு தட்டும் பட்டறை அண்ணன் கதவைப் பார்த்ததும் முதலில் விரல் முட்டியால் தட்டினார். மேலே டங்கென்று கேட்டது. கீழே வர வர மரத்தில் தட்டுவதுபோல் மந்தமான சத்தம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் கீழ் விளிம்பில் லேசாக நெம்பினார். ஊறிய பிஸ்கட் மாதிரி ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனுக்குப் புட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பசை), அதைத் தாங்க அலுமினிய வலை, வலைக்குப் பின்னால் சுருட்டித் திணித்த பழைய நாளிதழ். நாளிதழ் ஈரமாக இருந்தது. அதைப் பிழிந்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குப் பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

"வெட்டிட்டு வேற தகடு வச்சு வெல்டிங் பண்ண முடியாதா அண்ணே?" என்று கேட்டேன். "பிடிக்கிறதுக்கு நல்ல இரும்பு இருந்தாத்தானே தம்பி. இதுல சூடு வச்சா ஓட்டைதான் பெருசாகும்" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது கீழே உள்சட்டத்தின் மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற அடியில் சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் அந்த மடிப்பிலேயே தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வளரும். வெளியே பெயிண்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். ஃபெண்டரில் சக்கரத்துக்குப் பின்னால், சேறு சேரும் அடிப்பகுதியிலும் இதே கதைதான்.

ஆகவே பழைய தகடு வாங்கப் போனால் துருவைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். நடுப்பரப்பில் பொடிபோல் படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். கீழ் மடிப்பு, சக்கர வளைவின் உதடு, போல்ட் துளைகளைச் சுற்றிய இடம், கதவுக் கீல் பிடிக்கும் இடம், இவற்றில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பகலில் போங்கள். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். பிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். புட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும். பெரிய காந்தம் வேண்டாம், அது புட்டியைத் தாண்டியும் இழுக்கும். பிரைமரைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

மறுநாள் கதவை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார் கடைக்காரர். சரி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. "அப்படியே பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்று அவர் வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். அதையும், பெயர்ந்த விளிம்பின் படங்களையும், ரசீதையும் சேர்த்து மனுப் போட்டிருக்கிறேன். இன்னும் விசாரணைத் தேதி வரவில்லை.

அன்று கடையை விட்டு வரும்போது, நான் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தத் துருப்பிடித்த கதவின் கீழ் மடிப்பை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். உள்ளே இறங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு சாகா பூட் மூடிகள், அதே சாம்பல் பிரைமரில், காய்வதற்காகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.