முதல் சம்பளம் வரும்வரை: ராமநாதபுரக் கடற்கரையில் மூன்று வழிகள்

மீன்பிடித் தடைக்காலத்துக்காக ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிட்டால், ஜூன் 14 வரை 61 நாள் யாரும் எடுக்க முடியாது. பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் அந்தப் படகுகளில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. தடைக்கால நிவாரணமாக அரசு 8,000 ரூபாய் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000இலிருந்து உயர்த்தினார்கள். வீட்டுத் தலைவிக்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000. மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்கினால் மாதம் 1,200. இரண்டு மாதத்துக்கு எல்லாவற்றையும் கூட்டினால் 12,400 ரூபாய், அதாவது நாளுக்கு 203 ரூபாய். ரேஷன் அரிசி இருப்பதால் உலை கொதிக்கும். குழம்புச் செலவு, பிள்ளைகள் செலவு, தண்டல்காரருக்குக் கட்ட வேண்டியது எல்லாம் இந்த 203க்குள் அடங்க வேண்டும்.

மகளிர் குழுக்களுக்குப் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான். "உதவித்தொகை கொடுத்தே சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு எரியும். நாளுக்கு 203 ரூபாயில் யாரும் சுகமாக உட்கார்ந்திருப்பதில்லை. நிலையான வேலைக்குப் போக எல்லாருக்கும் ஆசைதான். பழைய வருமானம் நின்று புதிய வருமானம் கைக்கு வருவதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டத்தான் அவர்களிடம் காசில்லை. அதனால் இங்கே இருக்கும் வழிகளை, "எதில் அதிகம் சம்பாதிக்கலாம்" என்று பார்க்காமல், எதில் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறேன்.

கம்பெனி வேலை

மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா 2014இல் வந்தது. கிராமத்து ஏழைக் குடும்பங்களில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசப் பயிற்சி கொடுத்து வேலையிலும் சேர்த்துவிடுவது அதன் நோக்கம். பயிற்சி முடிந்தால் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைப் பக்கம் வேலை. மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று காகிதத்தில் பார்த்தால் மூன்று வழிகளிலும் இதுதான் நிலையானது.

பள்ளம் முதல் நாற்பது நாளில் இருக்கிறது. பஸ் செலவு, விடுதி முன்பணம், ஒரு ஜோடி செருப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முதல் வாரமே காசு வேண்டும். சம்பளமோ அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல். எங்கள் தெருவிலிருந்து ஒரு பயிற்சி மையம் வழியாக ஐந்து பெண்பிள்ளைகள் போனார்கள். மூன்றாம் மாதத்துக்குள் மூவர் திரும்பிவிட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "வேலை பிடிச்சிருந்துச்சுக்கா. விடுதிக்குப் பிடிச்சது போக வீட்டுக்கு அனுப்ப ஒண்ணுமில்ல. அம்மா தண்டல் வாங்கி எனக்கு அனுப்புச்சு." பிள்ளைக்கு வேலை கிடைத்ததால் வீட்டுக் கடன் ஏறியது.

இன்னொரு பயமும் உண்டு. "கம்பெனியில பேர் பதிஞ்சா கார்டு போயிருமா?" என்று என்னிடம் கேட்காத வீடு இல்லை. ரேஷன் அட்டை போகாது. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் பொது, சம்பளம் வாங்கினால் அரிசி நிற்காது. மற்றவற்றில் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 12,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு 1,44,000, அப்போதே வரம்பு தாண்டிவிடும். அந்த வீட்டில் இரண்டு பேர் அதே சம்பளம் வாங்கினால் 2,88,000. அது மகளிர் உரிமைத்தொகையின் 2,50,000 வரம்பையும் தாண்டும். சரி, காப்பீடு போனால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், 12,000 சம்பளத்தில் 90 ரூபாய்தான் பிடிப்பார்கள், அவளை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாத இடத்தில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

பெப்சி பாசி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஊரைவிட்டுப் போகாமல் செய்கிற வேலை. கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை 2000க்குப் பிறகு பெப்சி கம்பெனி இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்தது. கம்பெனி கை மாறிய பிறகும் எங்கள் பக்கம் பெயர் பெப்சி பாசிதான். ஐஸ்கிரீம், மருந்து முதலியவற்றில் சேரும் கராகீனன் இதிலிருந்து கிடைக்கிறது.

முறையின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் கயிறு கட்டி, ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசியை முடிந்து கடலில் விட்டால், நன்றாக வளரும் பருவத்தில் 45 நாளில் நான்கு மடங்கு ஆகும். ஒருவருக்கு 45 மிதவை. தினம் ஒன்றை அறுத்து, விதைக்கு எடுத்தது போக மீதியைக் காயவைத்தால், 46ஆம் நாள் முதல் மிதவை மறுபடி தயாராக இருக்கும். மாதச் சம்பளம் மாதிரி தினமும் அறுவடை வர வேண்டும் என்று யோசித்து அமைத்த முறை இது. பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு.

பள்ளம்? முதல் 45 நாள். அப்புறம் வருஷா வருஷம் வாடைக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கொந்தளித்தால் மிதவை உடைந்து கரை ஒதுங்கும், விதையும் போகும். கோடையில் தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து அழுகும். ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிடும். 2013-14இல் பாசி பெருமளவில் செத்து, இந்தத் தொழிலே சரிந்தது. 1980களில் வெளிநாட்டிலிருந்து வந்த கொஞ்சம் விதைப்பாசியைத்தான் திரும்பத் திரும்ப வெட்டி வளர்க்கிறோம், அதனால் நோய்க்கும் சூட்டுக்கும் எல்லாம் ஒன்றுபோல மடிகின்றன. வாங்குகிறவர்களும் ஒரு சிலர்தான், அவர்கள் வைத்ததே விலை.

இடமும் கட்டுப்பாடானது. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறையை மூடிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். அந்தத் தீவு சேர்ந்த கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் மன்னார் வளைகுடாவில், எங்கள் பேச்சில் தென்கடலில், இருக்கின்றன. அதனால் அந்த ஆய்வுக்கு முன்பே, 2005 அரசாணை நம் மாவட்டத்தில் வடகடலில் மட்டுமே இதை அனுமதித்திருந்தது. அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கி இயற்கைப் பாசி எடுத்த பெண்களுக்கு இது எளிதான மாற்று ஆகவில்லை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, அந்தப் பெண்களுக்காக நின்றதற்காக 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீக்காலஜியின் பரிசு பெற்றார். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அந்தப் பெண்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். கடலைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு மிதவை கொடுப்பதோடு, காற்றுக்கால மாதங்களுக்கு ஒரு தொகையும் கொடுத்தால் என்ன? விசைப்படகுக்குத் தடைக்காலம் இருப்பதுபோல மிதவைக்கும் ஒரு தடைக்காலம் இருக்கிறது, அதற்குத்தான் நிவாரணம் இல்லை.

தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல விதையும் இன்னும் நாலு வியாபாரிகளும் வந்தால் என் கணக்கு மாறும்.

குழுக்கடனும் சொந்தத் தொழிலும்

கருவாடு, பனையோலைப் பொருள், ஆடு. கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தங்கிக் கற்கலாம், செலவில்லை. ஆனால் பரம ஏழை வீட்டில் குழுக்கடன் தொழிலுக்குப் போவதற்குள் மருத்துவத்துக்குப் போய்விடும். ஆடு வாங்கினால் தடைக்காலத்தில் விற்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்கு மருந்து வங்கதேசத்தில் 2002இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம் கண்டது. ஆட்டையோ மாட்டையோ இலவசமாகக் கொடுப்பது, கூடவே பல மாதம் சாப்பாட்டுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, வீட்டுக்கு ஒருவர் அடிக்கடி வந்து விசாரிப்பது, எல்லாம் ஒன்றாக. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்த முடிவுகள் 2015இல் சயின்ஸ் இதழில் வந்தன. பின்னால் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதை எழுதியவர்களில் இருவர். உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் குடும்பங்கள் மேலான நிலையில் இருந்தன. தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் 5 லட்சம் பரம ஏழைக் குடும்பங்களுக்கென்று அறிவித்த தாயுமானவர் திட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது.

வாலிநோக்கம் உப்பளம் மழை வந்தால் நின்றுவிடும். நூறு நாள் வேலையில் 2025 தொடக்கத்தில் மாதக்கணக்கில் கூலி வராமல் கிடந்தோம். இரண்டும் பசி தாங்க உதவும், நிலையான வேலை என்று நான் எழுத மாட்டேன்.

என்னைக் கேட்டால், கல்யாணமாகாத பிள்ளைகளுக்குக் கம்பெனி வேலை, ஆனால் இரண்டு மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். துணையில்லாமல் இருக்கும் அக்காமாருக்குக் கடன் வேண்டாம், ஆடும் சாப்பாட்டுப் பணமும் வேண்டும். புருஷன் படகுக்குப் போகும், வடகடல் பக்கத்து வீட்டுக்குப் பாசி.

மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். முனைக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறாள். வாடை அடங்கியதும் தை மாதம் பத்து மிதவையோடு இறங்கப் போகிறாள். "நாப்பத்தஞ்சு போடலையா?" என்று கேட்டேன். "பத்து ஒடஞ்சா தாங்குவேன்கா, நாப்பத்தஞ்சு ஒடஞ்சா தாங்க மாட்டேன்" என்றாள்.