சுங்குடி வியாபாரத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்த போன்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

மதுரை விளக்குத்தூண் பகுதியிலும் சின்னாளபட்டியிலும் சுங்குடிச் சேலைகளை எடுத்து, வாட்ஸ்அப் வழியாக விற்று வருகிறேன். தனியாகக் கடை கிடையாது. சேலையைப் படம் பிடிப்பது, விலை சொல்வது, பணம் வாங்குவது, கொரியர் ரசீதை அனுப்புவது, முடிச்சுக் கட்டிக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலி அனுப்புவது என அத்தனையும் ஒரே போனில் நடக்கின்றன. 2021இல் வாங்கிய சாம்சங் கேலக்சி ஏ52, அதன் 4ஜி வகை, இந்தச் சுமையை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா என்று சில மாதங்களாக யோசித்ததையும், கடைசியில் எந்தக் காரணம் முடிவைத் தீர்மானித்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். போனை நம்பிச் சிறு தொழில் செய்பவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

இந்தப் போனைப் பற்றி நன்றியோடு சொல்ல வேண்டியவை பல. அதன் அமோலெட் திரை இன்றும் மங்கவில்லை. ஐபி67 தரத்தில் தண்ணீரையும் தூசியையும் தாங்கும் கட்டமைப்பு இருந்ததால், சாயப்பட்டறையின் ஈரத் தரையிலும் ஐப்பசி மழையிலும் பயமில்லாமல் எடுத்துச் செல்ல முடிந்தது. ஆண்ட்ராய்டு 11உடன் வந்த போனுக்கு மூன்று பெரிய மேம்பாடுகளும் நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாகச் சொன்ன நிறுவனம், ஆண்ட்ராய்டு 14 வரை கொடுத்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நடுத்தர விலையில் வந்த போனுக்கு இது பெரிய விஷயம்.

என் தொழிலில் போனின் முதல் வேலை நிறத்தைச் சரியாகக் காட்டுவது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு முடிச்சு. சாயத்தில் தோய்த்து உலர்த்திய பின் முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடம் சாயம் ஏறாமல் வெளிறிய சிறு வளையமாக நிற்கும். கைவேலை என்பதால் ஒரு புள்ளியைப் போல இன்னொரு புள்ளி இருக்காது, ஓரத்தில் சாயம் இலேசாகக் கசிந்தும் இருக்கும். அச்சுப் புள்ளிகளோ ஒரே அளவில், ஒரே விளிம்போடு வரிசையாக நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அந்தக் கசிவுக்காகத்தான். ஆனால் இக்காலப் போன் கேமராக்கள் படத்தை எடுத்தவுடனே விளிம்புகளைக் கூர்மையாக்கி, நிழலை வெளுப்பாக்கி, நிறத்தைத் தூக்கிவிடுகின்றன. அப்போது கையால் கட்டிய புள்ளியும் அச்சுப் புள்ளி போலத் தெரிகிறது. அரக்கு நிறம் குங்குமச் சிவப்புக்கு நகர்கிறது. மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாக நிற்கிறது. சேலை கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு "படத்தில் பார்த்த நிறம் இதில்லையே அக்கா" என்று வாடிக்கையாளர் கேட்டால், திருப்பி எடுக்கும் கொரியர் செலவு என்னுடையது.

இதற்குப் பழைய போனிலேயே வழி இருந்தது. திரையின் நிற அமைப்பை 'விவிட்' என்பதிலிருந்து 'நேச்சுரல்' என்பதற்கு மாற்றினேன். மிகைநிறத் திரையில் பார்த்து நல்ல படம் என்று நாம் தேர்ந்தெடுப்பது, வாங்குபவரின் திரையில் வேறாகத் தெரியும் என்பதே காரணம். படத்தைத் தானியங்கி முறையில் எடுக்காமல் கையால் அமைக்கும் 'புரோ' முறையில் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 5,500 கெல்வினை ஒட்டி நிறுத்தி, மொட்டை மாடியில் காலை நேரத்து நிழலில் ஒரு வெள்ளைத் துணியைப் பக்கத்தில் வைத்து எடுக்கிறேன். வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரிந்தால் அரக்கும் அரக்காகவே வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த எந்தப் படத்தையும் நான் அனுப்புவதில்லை. நான் சேலைகளைத் தொங்கவிட்டு எடுக்காமல் விரித்துப் போட்டு எடுப்பதால், 64 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா போதுமானதாக இருக்கிறது. கூடவே உள்ள 5 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. 2023 ஆகஸ்டில் 'எச்டி' முறை வந்த பிறகு நிலை மேம்பட்டது என்றாலும், அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் ஓரளவு சுருக்கம் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்ப் போனில் எடுத்த படமும் என் பழைய போனில் எடுத்த படமும் வாங்குபவரின் கைக்குப் போய்ச் சேரும்போது வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே புதிய கேமராவுக்காகப் போனை மாற்றுவது என் வேலைக்குப் பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தேன். சேலை வியாபாரம் செய்யும் தோழிகள் பலர் கேமராவை மட்டும் பார்த்துப் போன் வாங்குகிறார்கள். அவர்கள் முதலில் வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் சரிசெய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. போன்களை 35 டிகிரி செல்சியசுக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மதுரையிலோ சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் மாடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். எந்தப் போனாக இருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள இப்படித்தான் செய்யும். அந்தச் சூட்டோடு, நாள்தோறும் நூறு சதவீதம் வரை ஏற்றி அடியோடு வடியவிடுவதும் சேர்ந்தால் பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. 4,500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முதல் இரண்டு ஆண்டுகள் இரவு வரை நின்றது. பிறகு மதியத்துக்குள் சார்ஜரைத் தேட வேண்டியதாயிற்று. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு உங்கள் போனில் இருந்தால், வாங்கிய நாள் முதலே அதைப் பயன்படுத்துங்கள்.

டவுன்ஹால் ரோட்டில் பழுது பார்க்கும் தம்பியிடம் காட்டியபோது, பின்மூடியைச் சூடாக்கித் தூக்கி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போர்டு நல்லா இருக்குக்கா. பேட்டரிய மட்டும் மாத்துனாப் போதும், இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கவலையில்ல" என்றார். "மூடியத் திறந்துட்டா இனிமே தண்ணி உள்ள போகாம இருக்குமா தம்பி?" என்று கேட்டேன். "கம்பெனி பசை மாதிரி வராதுக்கா. மழையில நனையாமப் பாத்துக்கங்க" என்று நேர்மையாகச் சொன்னார். பேட்டரியை மாற்றினேன். மறுநாளே போன் இரவு வரை நின்றது. இலேசான தயக்கத்தைத் தவிர வேகத்திலும் குறை தெரியவில்லை. பேட்டரி ஒன்றுதான் குறை என்றால், புதுப் போன் வாங்குவதைவிட இதுவே மிகச் சிக்கனமான தீர்வு. அதோடு என் கேள்வியும் முடிந்திருக்கும்.

முடியவிடாமல் செய்தது பாதுகாப்பு. என்னுடைய போனுக்கு வாக்களிக்கப்பட்ட திருத்தக் காலம் 2025 மார்ச்சோடு நான்கு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. திருத்தம் நின்ற மறுநாளே போன் பயனற்றுப் போய்விடாது. ஆண்ட்ராய்டு 10 முதல் இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுள் பிளே வழியாகவே புதுப்பிக்க முடிகிறது. செயலிகளும் பல ஆண்டுகள் இயங்கும். ஆண்ட்ராய்டு 4.4இல் வாட்ஸ்அப் இயங்குவது 2025 தொடக்கத்தில்தான் நிறுத்தப்பட்டது என்பதே இதற்குச் சான்று. ஆனால் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலிலும், சிப்பை இயக்கும் டிரைவர் நிரல்களிலும் உள்ள ஓட்டைகளைப் பிளே வழியாக அடைக்க முடியாது. அதைப் போன் நிறுவனம்தான் செய்ய வேண்டும்.

என் போனுக்கு முன்பின் தெரியாத எண்களிலிருந்து நாள் முழுவதும் படங்கள் வருகின்றன: "இந்த நிறம் இருக்கிறதா", "இதே கரையில் வேண்டும்" என்று. அவற்றைத் திறக்காமல் வியாபாரம் செய்ய முடியாது. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைத் திறக்கும் நிரலில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, உலகெங்கும் உலாவிகளையும் செயலிகளையும் அவசரமாகத் திருத்தினார்கள். 2025 செப்டம்பரில் சாம்சங் தன் போன்களில் படங்களைக் கையாளும் நிரலில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. அதைத் தெரிவித்தவர்கள் மெட்டா, வாட்ஸ்அப் பாதுகாப்புக் குழுவினர். படத்தின் வழியாகவே தாக்க முடியும் என்னும்போது, அந்நியர்களின் படங்களைத் திறப்பதும், வங்கிக் கணக்கு இருப்பதும், முடிச்சுக் கட்டுபவர்களின் கூலி போவதும் திருத்தம் வராத ஒரே கருவியில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (செயலியை நிறுவும் கோப்புகள்) நிறுவிப் பணத்தை இழப்பவர்கள் ஏராளம். அதைத் தடுப்பது நம் விரலில்தான் இருக்கிறது, எந்தத் திருத்தமும் அங்கே முழுமையாக உதவாது. ஆயினும் நம் கவனத்தால் தடுக்க முடியாததற்காவது காவல் இருக்க வேண்டும். மாற்றுவது என்று தீர்மானித்தது இந்த ஒரு காரணத்துக்காகவே.

எதற்கு மாறுவது என்பதில் மூன்று போன்கள் முன்னுக்கு வந்தன. 59,900 ரூபாய்க்கு அறிமுகமான ஐபோன் 16ஈ, 49,999 ரூபாய்க்கு வந்த பிக்சல் 9ஏ, 41,999 ரூபாயில் தொடங்கிய கேலக்சி ஏ56. மூன்றுமே 2025இல் வந்தவை. ஒரு அரக்குச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், வாசல் வெளிச்சத்தில் விரித்து மூன்றிலும் படம் எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக ஒத்துழைத்தார். பிக்சலும் ஐபோனும் தானியங்கி முறையிலேயே அரக்கை அரக்காகக் காட்டின. ஏ56இல் வெண்சமநிலையைக் கையால் அமைத்த பிறகு எனக்கு வேண்டிய நிறம் வந்தது. ஐபோனின் சொந்தக் கேமரா செயலியில் அப்படிக் கெல்வின் எண்ணில் அமைக்கும் வசதி இல்லை என்பதும், ஆண்ட்ராய்டிலிருந்து வாட்ஸ்அப் உரையாடல்களை அங்கே கொண்டுபோக 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியின் வழியாக, புதிய ஐபோனை அமைக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தயக்கத்தைத் தந்தன. அதே நேரத்தில், தமிழ்99 என்னும் தமிழ்த் தட்டச்சு முறைக்கான விசைப்பலகை 2013 முதல் ஐபோனிலேயே உள்ளமைந்து வருகிறது என்பதைத் தமிழில் அதிகம் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிக்சலுக்கு ஏழு ஆண்டுகள், ஏ56க்கு ஆறு ஆண்டுகள் திருத்தம் உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. நான் ஏ56ஐத் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டு குறைந்தாலும் 2031 வரை கவலை இல்லை. பழகிய 'புரோ' முறை அப்படியே இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் அதே டவுன்ஹால் ரோட்டில் உதிரிபாகம் கிடைக்கும் என்று அந்தத் தம்பி சொன்னார். மெமரி கார்டு செருகும் இடம் ஏ56இல் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. என் பழைய போனில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே செருகும் இடத்தைப் பகிர்ந்துகொண்டன; வீட்டுக்கு ஒன்றும் வியாபாரத்துக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் வைத்திருப்பதால் கார்டை நான் பயன்படுத்தியதே கிடையாது. அதனால் 256 ஜிபி வகையை வாங்கிவிட்டேன். 5ஜி வந்தால் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கு வீடியோ அழைப்பில் முந்தானையைக் காட்டுவது எளிதாகும் என்பது உபரி நன்மை.

வாட்ஸ்அப் காப்புப்படி இப்போது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்பதால், சேலைப் படங்கள் நிறைந்த என் கணக்குக்கு அது போதாது. இரண்டு போன்களையும் அருகில் வைத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நேரடியாக மாற்றும் முறையையே பயன்படுத்தப் போகிறேன். பழைய போனை அழித்துச் சுத்தப்படுத்தி, சிம்மும் வங்கிச் செயலியும் இல்லாமல் மாடியில் படம் எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். யுபிஐ செயலி புதிய போனில் பதிவாக, வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அதற்கான பேலன்ஸ் சிம்மில் இருக்க வேண்டும். போன் மாறிய முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. எனவே சனிக்கிழமை எல்லோருக்கும் கூலியை அனுப்பி முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் சிம்மை மாற்றுகிறேன். செவ்வாய்க்கிழமை சின்னாளபட்டியில் சரக்கு எடுக்கும்போது வரம்பு நீங்கியிருக்கும்.