கினாலூர் உஷா தடகளப் பள்ளி: எந்தப் பிள்ளைக்கு ஏற்ற இடம்?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை பி.டி. உஷா 55.42 வினாடியில் முடித்தார். வெண்கலம் 55.41க்குப் போனது. ஊட்டமான சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்த நூறில் ஒரு பங்கு வினாடியைக் கேரளப் பிள்ளைகள் இனி இழக்கக் கூடாது என்ற எண்ணத்தில் 2002ல் அவர் தொடங்கியதுதான் இந்தப் பள்ளி. கோழிக்கோடு மாவட்டத்தில் பாலுசேரி பக்கம் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும், தங்கிப் பயில வேண்டும்.

இங்கே மெச்ச வேண்டியது 2017ல் வந்த சிந்தெடிக் டிராக், அதாவது செயற்கை ஓடுதளம். பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடித்தான் உஷா கால்களுக்கு உரமேற்றினார். ஆனால் ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை காலடி வைப்பது என்ற கணக்கு மணலில் பிடிபடாது. பெண்கள் 400 மீட்டரில் 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 35 மீட்டர். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் 15 காலடிகளில் அந்தத் தூரத்தைக் கடப்பார்கள். தளம் சீராக இல்லாவிட்டால் காலடி குறுகும், தடைக்கு முன்னால் தடுமாற்றம் வரும், வேகம் அங்கேயே செத்துவிடும். சிந்தெடிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: நாள்தோறும் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி உள்ள காலணி) போட்டு ஓடினால் முன்னங்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும். வாரத்தில் எத்தனை நாள் புல்தரைப் பயிற்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியின் பலம் 400, 800 மீட்டர். டின்டு லூகா இங்கே வளர்ந்தவர்தான். 2010ல் 800 மீட்டரை 1:59.17ல் ஓடி தேசிய சாதனை படைத்தார். 400 மீட்டரில் ஜிஸ்னா மேத்யூவும் இங்கிருந்து வந்தவரே. வேகத்தோடு தாங்குதிறனும் உள்ள பிள்ளைக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 100 மீட்டர் மட்டுமே ஓடும் பிள்ளை என்றால் மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

உஷா 2022 ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பொறுப்பும் வந்தது. 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம் வென்றவர் ஸ்டாப்வாட்சோடு தினமும் டிராக் ஓரத்தில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே அன்றாடப் பயிற்சி தருபவர் யார், அவர் எந்தத் தூரத்தில் தேர்ந்தவர், காயம்பட்டால் பிசியோ யார் பார்ப்பார் என்பதைச் சேர்க்கும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். தேர்வுக்குப் பிள்ளையின் பள்ளி அளவிலான ஓட்ட நேரங்களைத் தேதியோடு குறித்து எடுத்துப்போங்கள். கைக்கடிகார நேரமா, மின்னணு நேரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.