கேமரா லென்ஸும் மூக்குக் கண்ணாடியும்: கடைசியில் கையில் தங்கிய சாமான்கள்

பல வருஷமாக வாங்கிச் சேர்த்ததில் இன்றும் மேசை மேல் இருப்பவை ரப்பர் புளோயர் (கையால் அமுக்கிக் காற்று ஊதும் குமிழ்), மைக்ரோஃபைபர் துணி, லென்ஸ் பென், அவ்வளவுதான். அதிகம் உழைப்பது புளோயர். விலை குறைந்ததும் அதுதான்.

கீறல் போடுவது பெரும்பாலும் துணி இல்லை, துணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் தூசி. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 பக்கம். ஊதாமல் துடைத்தால், துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உப்புத்தாள் தேய்த்த கதைதான். லென்ஸ் மேலே இருக்கும், ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்கோ இன்னும் பாவம். மக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றை அடுக்கு என்றால் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அதனால் லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுகிறேன், தூசி தானாகக் கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேனில் அடைத்த காற்றும் எனக்குப் பிடிக்கவில்லை: கேன் கொஞ்சம் சாய்ந்தாலே உள்ளிருக்கும் திரவம் சில்லென்று பீய்ச்சிக் கறை விடும்.

கைரேகைக்கு லென்ஸ் பென் அருமை. முனையில் உள்ள கரித்தூள் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆனால் தூள் தீர்ந்தபின் அது வெறும் தேய்ப்பு. தூக்கிப் போட மனசு வர வேண்டும். அதற்கும் போகாத கறைக்கு லென்ஸ் கிளீனர் திரவம், அதையும் துணியில் விட்டுத்தான். நேராக லென்ஸில் விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும்.

மூக்குக் கண்ணாடிக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். இப்போது வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக், கண்ணாடியைவிட மென்மை. சட்டை நுனி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அதற்குப் பெரிய ஆபத்து! குழாயடியில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலாலேயே தடவிக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மூக்குத்தாங்கி இடுக்கில் சேரும் பிசுக்கும் போய்விடும். வெந்நீர் மட்டும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்குக் கோட்டிங் விரியாது, மயிரிழை வெடிப்பு விடும். அசிட்டோன் பாலிகார்பனேட் லென்ஸையும் அசிடேட் ஃபிரேமையும் கெடுக்கும். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனரும் வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணியைச் சோப்பில் அலசலாம். துணி கண்டிஷனர் சேர்த்தால் அடுத்த முறை துடைக்கும்போது அந்தப் படலம் லென்ஸில் ஏறும்.

இன்னொன்று: கேமரா லென்ஸின் முன் கண்ணாடியில் நாலைந்து தூசி இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது, எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் ஒழிய. பின்பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் பட்டால் படம் உடனே காட்டிக்கொடுக்கும். அதனால் முன்பக்கத்தை இப்போதெல்லாம் ஊதுவதோடு விட்டுவிடுகிறேன். லென்ஸ் மாற்றும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.