பழைய பைபர் படகைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தொண்டிக் கரையில் கவிழ்ந்து கிடந்த 14 அடி பைபர் படகு ஒன்றைப் போன தை மாதம் வாங்கினேன். காரைக்குடியில் படகு எதற்கு என்று அப்பத்தா கேட்டது நியாயமான கேள்விதான். கண்மாய் நிறைந்தால் மிதக்கவிடலாம் என்று ஓர் ஆசை. படகு வீட்டின் பின்கட்டில், கிணற்றடியில் வந்து இறங்கியது.

பழுதுபார்க்க வந்தவர் தண்ணீர்த் தொட்டிக்கும் குளியலறைக் கதவுக்கும் பைபர் வேலை செய்பவர். "படகும் அதே வேலைதான் அண்ணே" என்றார். அதே வேலை இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 22,000 ரூபாய் ஆனது.

எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் மரத்தை வைத்து, மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கிப்போகும். அந்த ஆள் அதைத் திறக்கவே இல்லை. பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்காமல் அதன் மேலேயே 'மேட்' என்கிற கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசினார். அப்புறம் பட்டி, அதற்கு மேல் நீலப் பெயிண்ட். மூன்றே நாள். முகம் பார்க்கலாம்போல மின்னியது. நானும் மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். வாழைமட்டை உரிவதுபோல ஒரு முழத்துக்கு வந்தது. அடியில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. உள்பக்கத்தில் விரலை வைத்தால் இன்னும் ஒட்டியது. ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 கிராம் என்று எடை போட்டுக் கலக்க வேண்டியதை அவர் பாட்டில் மூடியால் அளந்தார். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் அவர் வைத்திருந்தது ஒரே மூடி. வீடு பிழைத்தது அப்பத்தா கும்பிடும் தெய்வத்தின் புண்ணியம்.

பிறகு தொண்டியிலிருந்து வந்த படகுக்காரர் ஒரு ரூபாய் நாணயத்தால் உடம்பெங்கும் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் 'ணங்' என்றது, பின்பலகையில் 'பொத்' என்றது. துளை போட்டதும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

ஆகவே, முதலில் நாணயத்தால் தட்டுங்கள். தேய்த்து முடித்து, வெறும் பைபர் கண்ணில் பட்ட பிறகே மேட்டை விரிக்க விடுங்கள். பணமும் அதற்கு அப்புறம்தான். ரெசின் டப்பாவில் தயாரித்த தேதியைப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கிணற்றடி ஈரத்தால்தான் பைபர் ஒட்டவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தக் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகிறது.