பழைய கேமரா வாங்கப்போகும் இதழியல் மாணவர்களே, பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒரு பருவக் கட்டணம். என் கையைவிட்டுப் போன தொகை அதுதான். பல்கலைக்கழகத்தில் பல்லூடக இதழியல் படிக்கிறேன். இறுதிப் பருவ ஆவணப்படத்துக்காகப் பயன்படுத்திய கேமரா ஒன்றை வாங்கி, அந்தப் பணத்தையும் அதைவிடப் பெரிதான ஒரு தாயின் பேட்டியையும் பறிகொடுத்து நிற்கிறேன். ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று நேற்று மாலைதான் செய்தி வந்தது. ஆத்திரம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் ஏமாந்துவிடுவார்.

இந்தப் படிப்பை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்து, புகைப்படம், ஒலி, காணொளி, தரவு வரைகலை, இணையப் பக்கம் என எல்லாவற்றையும் ஒரே மாணவன் செய்து காட்ட வேண்டும். துறையின் கருவி அறையில் கேமராக்கள் இருக்கின்றன. ஆனால் இறுதிப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவை தேவைப்படும். பேச ஒப்புக்கொண்டவர் புதன்கிழமை வரச் சொன்னால் கருவி அறையின் அட்டவணை அதற்கு வளைந்து கொடுக்காது. அதனால்தான் எங்களில் பலர் பழைய கேமராவைத் தேடி அலைகிறோம். இந்த அவசரம் விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பயன்படுத்திய பொருள்களைத் தனியாட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் வாங்கினேன். மிரர்லெஸ் கேமரா, ஒரு லென்ஸ், கம்பியில்லாக் காலர் மைக், ட்ரைபாட், எல்லாம் சேர்ந்து ஒரு பருவக் கட்டணம். விற்றவர் நேரிலேயே கொண்டுவந்தார். தானும் இதழியல் படித்தவர்தான் என்றார். என் படம் எதைப் பற்றியது என்று கேட்டார். தொழிற்சாலை விபத்தில் மகனை இழந்த ஒரு தாயைப் பற்றி என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நல்ல காரியம் தம்பி. அந்த அம்மா பேசும்போது இடையில் நிறுத்தி கார்டு மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. இதை என் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று, ‘256 ஜிபி’ என அச்சிட்ட மெமரி கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கார்டைக் கேமராவில் போட்டுத் திரையைக் காட்டினார். 4கே தரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யலாம் என்று காட்டியது. கொஞ்ச நேரம் பதிவு செய்து ஓட்டியும் காண்பித்தார். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பிறகுதான் அதைச் சொன்னார்: “பொருள் கிடைத்தது என்ற பொத்தானை இப்போதே அழுத்திவிடுங்கள் தம்பி. பணம் வந்தால் என் அம்மாவுக்கு இன்றைக்கே மருந்து வாங்கிவிடுவேன்.” அழுத்தினேன். சந்தை அதுவரை பிடித்து வைத்திருந்த பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது. ஒரு தாயின் துயரத்தைப் பதிவு செய்யப் போகிறவனிடம் தன் தாயின் மருந்தைச் சொல்லிப் பணம் பறித்திருக்கிறார். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்கப் பல வாரங்கள் ஆயின. கேமராவைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசத் தொடங்கிய பிறகு இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. கேமராவும் ஒருமுறைகூட எச்சரிக்கை காட்டவில்லை. அறைக்குத் திரும்பிக் கணினியில் கார்டைப் போட்டேன். கோப்புகள் வரிசையாக இருந்தன. பெயர், அளவு, நேரம் எதிலும் குறையில்லை. முதல் சில கோப்புகள் ஓடின. மகன் பிறந்தது, பள்ளிக்குப் போனது, முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. அடுத்த கோப்பில் “அன்று காலையில் அவன்” என்று தொடங்குகிறார். படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கோப்புகூடத் திறக்கவில்லை.

பழுது பார்ப்பவர்தான் விளக்கினார். அந்தக் கார்டின் உண்மையான கொள்ளளவு 32 ஜிபி மட்டுமே. 256 என்று பொய்க்கணக்குக் காட்டும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் ‘எழுதிவிட்டேன்’ என்றே கார்டு கேமராவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 32 ஜிபி என்றால் நாற்பது நிமிடம் சொச்சம்தான். கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால் ஒழுங்காகத் தெரிகிறது. மற்றபடி அந்தத் தாய் பேசியதில் பெரும்பகுதி எங்கும் பதியவே இல்லை. பதியாததை எந்த மீட்பு மென்பொருளாலும் மீட்க முடியாது.

கேமராவும் பிழைக்கவில்லை. மைக் செருகும் துளையில் கரகரப்பு தொடங்கி, பிறகு மொத்தமாக அணைந்துவிட்டது. பழுது பார்ப்பவர் திருகுகளைக் கழற்றிக் காட்டினார். போர்டில் பச்சை பூத்திருந்தது, திருகுகளில் துரு. லென்ஸுக்குள் பூஞ்சை. தண்ணீரில் விழுந்ததைக் காயவைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சரிசெய்யும் செலவுக்கு வேறு கேமராவே வாங்கலாம் என்றார். ஒரு பருவக் கட்டணம் முழுவதும் போயிற்று.

விற்றவரை அழைத்தேன். தம்பி என்ற சொல் ‘சார்’ ஆகிவிட்டது. “நான் விற்றது கேமரா, சார். கார்டு சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்ததற்கு உத்தரவாதம் கேட்பீர்களா? கேமராவை நீங்கள் எப்படிப் பயன்படுத்தினீர்களோ, யாருக்குத் தெரியும்?” அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

சந்தைக்காரர்கள் முதலில் படங்கள் கேட்டார்கள். அனுப்பினேன். பழுது பார்ப்பவரின் அறிக்கை கேட்டார்கள். அனுப்பினேன். பிறகு வேறொருவர் வந்து மறுபடியும் படங்கள் கேட்டார். தொலைபேசியில் அழைத்தால் ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்ற ஒரே பதில். கடைசியில், பொருளைப் பெற்றதாக உறுதி செய்த பிறகு விற்பனை முடிந்துவிட்டது, தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கைகழுவிவிட்டார்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அதே செய்தியின் அடியில் கேட்டிருந்தார்கள்! ஒரு பருவக் கட்டணத்தை இழந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

துறையில் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், நன்றி. ஆனால் அந்த அம்மாவிடம் போய், எல்லாம் அழிந்துவிட்டது, அந்த நாளை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா? துயரத்தில் இருப்பவரை நம் வசதிக்காகத் திரும்பத் திரும்ப அதற்குள் இழுக்கக் கூடாது என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் கேட்கப் போவதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். யார் கொடுத்த கார்டாக இருந்தாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பேட்டியின் ஒலியைக் கைப்பேசியிலும் தனியாகப் பதிவு செய்யுங்கள். மைக் துளையில் மைக்கைச் செருகி, அசைத்துக் கேளுங்கள். யார் எந்த மருந்துக் கதை சொன்னாலும் சோதித்து முடிக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

அந்த ஆளின் கணக்கு இன்னும் முடக்கப்படவில்லை. இன்று காலை ‘இதழியல் மாணவர்களுக்கு ஏற்றது, மெமரி கார்டு இலவசம்’ என்று புதிய விளம்பரம் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு யாராவது பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதே நிறுத்துங்கள்.